சின்னம்மா மொன்றியலுக்கு வந்த கதை

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு விண்டர் கோட் பல வருஷமாக யாரும் போடாமலே தொங்கிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே வரும் நீளம், கடும் சிவப்பு, தொப்பியைச் சுற்றிப் பொசுபொசுவென்று மயிர். அம்மா அதைத் தன் தங்கைக்காக வாங்கி வைத்திருந்தார். நான் கிடுகிடுவென்று வளர்ந்து என் கோட்டின் கைகள் குட்டையாகிப்போன ஒரு குளிர்காலத்தில், ஒரே ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகட்டுமா என்று கேட்டேன்.

"அது சின்னம்மாவின்ர. அவள் வந்திறங்கேக்க போடவேணும்" என்று சொல்லி அம்மா அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டார்.

சின்னம்மா இருந்தது இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில். அங்கே ஒரு வயதான பெண்மணியின் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சண்டை மூண்டு எல்லாரும் மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது நான் கைக்குழந்தை. அம்மாவும் அப்பாவும் என்னைத் தூக்கிக்கொண்டு கனடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். சின்னம்மா எங்கெங்கோ அலைந்து இத்தாலியில் போய் நின்றார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் கண்ணால் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அம்மா தொலைபேசி அட்டையைச் சுரண்டி, அந்த நீண்ட இலக்கத்தை அழுத்தி, அட்டை முடியும்வரை கதைப்பார். எனக்குச் சின்னம்மா என்றால் ஒரு குரல் மட்டும்தான்.

மூன்று முறை சின்னம்மா கனடா விசாவுக்கு விண்ணப்பித்தார். ஒவ்வொரு முறையும் அம்மா கோட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த எங்கள் அப்பார்ட்மெண்டின் பல்கனியில் காயப் போடுவார். மூன்று முறையும் இல்லையென்று பதில் வந்தது. கோட் திரும்பவும் உறைக்குள் போனது. நாங்கள் போய்ப் பார்க்கலாமே என்று கேட்டால், ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையில் அம்மாவுக்கு லீவு கிடைக்காது. கிடைத்தால் தம்பிமாருக்குப் பள்ளிக்கூடச் சோதனை வரும். சோதனை இல்லையென்றால் அப்பாவின் லொறி பழுதாகும். அப்பா துறைமுகத்திலிருந்து பெட்டிகள் ஏற்றி இறக்குகிறவர். எங்கள் வீட்டில் "வாற வருஷம்" என்ற சொல் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் கிடந்தது.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் எங்கள் கியூபெக் மாகாணத்தில் மட்டுமே இருக்கிற அந்த இரண்டு வருஷக் கல்லூரி. எங்கள் வரலாற்று ஆசிரியை தெற்கு இத்தாலியின் பழைய நகரங்களைப் பார்க்க மாணவர்களை பஸ்ஸில் கூட்டிப் போகிறார் என்று அறிவித்தார். பயணச் செலவுக்காகக் குளிர்காலம் முழுக்க மெட்ரோ வாசலில் நின்று நாங்கள் சொக்லேட் விற்றோம். விற்றேனே தவிர, வீட்டில் விடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இருக்கவில்லை.

"படிக்கிற பிள்ளைக்கு என்ன ஊர் சுத்தல்?" என்றார் அப்பா.

"பொடியளும் வருவாங்களோ?" என்றார் அம்மா.

நான் கோபத்தில் ஒவ்வொரு ஊரின் பெயரையும் சத்தமாக வாசித்தேன். இதெல்லாம் படிப்புத்தான், சரித்திரம்தான் என்று நிரூபிக்க வேண்டுமே. நாப்போலி, மத்தேரா, லெச்சே, சிராக்கூசா, நோட்டோ, அக்ரிஜெந்தோ என்று வாசித்து பலெர்மோவுக்கு வந்தபோது அம்மா கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டார்.

"என்ன பேர் சொன்னனீ? திருப்பிச் சொல்லு."

சொன்னேன். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, நேரே அலுமாரியடிக்குப் போனார். பொடியன்கள் பற்றிய கேள்வி அன்றோடு காணாமல் போயிற்று.

"இந்தக் கோட்டை நீ கொண்டுபோய் அவளிட்டக் குடு. அவள் வரமாட்டாள், உது இங்க தொங்கி என்ன செய்யிறது" என்று கோட்டை என் கட்டிலில் போட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா அந்த வாயால் 'அவள் வரமாட்டாள்' என்று சொன்னதை நான் முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன். பிறகு சொன்னார்: "அவளை வடிவாப் பார்த்துக்கொண்டு வா. எப்பிடி நிக்கிறாள், எப்பிடிச் சிரிக்கிறாள், எல்லாம் வந்து எனக்குச் சொல்லவேணும். கோட் அளவோ எண்டும் பார்."

மே மாதத்தில் சிசிலிக்கு விண்டர் கோட் கொண்டுபோன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். என் பெட்டியில் பாதியை அது பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் சீத்தைத் துணியும் மிளகாய்த்தூளும். எனக்கென்று இரண்டு ஜீன்ஸ்.

பயணம் என்றால் அதுதான் பயணம். நான் அதுவரை மொன்றியலை விட்டு ரொறொன்ரோவுக்குக் கலியாண வீடுகளுக்கும் சாமத்தியச் சடங்குகளுக்கும் மட்டுமே போயிருந்தேன். அப்படியான எனக்கு, காலையில் கண் விழித்து பஸ் யன்னல் திரையை விலக்கினால் மலையில் ஒட்டிய ஒரு ஊர், மத்தியானம் கடற்கரையில் ஒரு ஊர், பின்னேரம் கல்லிலேயே குடைந்த ஒரு ஊர். லெச்சேயில் மதிய வெயிலில் கோயில் சுவர்கள் பொரித்த அப்பளத்தின் நிறத்தில் நின்றன. சிராக்கூசா சந்தையில் எலுமிச்சம்பழம் என் கடைசித் தம்பியின் தலையளவு கிடந்தது. எதைக் கண்டாலும் என் வகுப்புப் பிள்ளைகள் "செ மலாட்!" என்று கத்தினார்கள். நோயாளியாக இருக்கிறது என்று அர்த்தம். கியூபெக் பிள்ளைகளின் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. ஆசிரியை ஒவ்வொரு தூணுக்கும் விளக்கம் சொல்வார். நாங்கள் தலையாட்டிக்கொண்டே ஐஸ்கிரீம் கடை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், சில நேரம் காரணமில்லாமல் எனக்கே சிரிப்பு வந்தது.

கோட்டும் பெட்டிக்குள் இருக்கவில்லை. சாரதி பஸ்ஸின் ஏசியைப் பனிப்பெட்டி போல வைத்திருப்பார். இரண்டாம் நாளே என் பக்கத்து இருக்கைக்காரி நடுங்கிப்போய்க் கோட்டைக் கேட்டாள். அன்றிலிருந்து அது கைமாறிக் கைமாறிப் பின் வரிசைவரை போய்வந்தது. இது யாருடையது என்று ஒவ்வொருவரும் கேட்க, நான் ஒவ்வொருவருக்கும் கதை சொல்ல, சிசிலி வருவதற்குள் பஸ்ஸில் எல்லாருக்கும் சின்னம்மாவைத் தெரிந்துவிட்டது. கியூபெக்கில் அத்தை, சித்தி, மாமி எல்லாருக்கும் "மதாந்த்" என்ற ஒரே சொல். "மதாந்த் கோட்டைத் தா", "மதாந்த் கோட்டில் சொக்லேட் பூசாதே" என்று பஸ்ஸுக்குள் எந்நேரமும் கேட்கும். சாரதி சிசிலியின் கத்தானியாப் பக்கத்து மனிதர். கதைக்கும்போது இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிடுகிறவர். அவருக்கும் ஆசிரியை மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார். உடனே பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது, நாங்கள் எல்லாரும் கத்தினோம்.

ஏற்பாடு இதுதான்: வியாழக்கிழமை பின்னேரம் பலெர்மோவில் எங்களுக்கு ஓய்வு. சின்னம்மாவுக்கும் வியாழக்கிழமை பின்னேரம் விடுமுறை. பெரிய கோயில் வாசலில் சந்திப்பு. எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. பிறகு மெசீனா நீரிணையில் கப்பல்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஸ்ஸை ஏற்றித் தீவுக்குக் கடத்த ஆளில்லாமல் ஒரு நாள் முழுவதும் கரையில் கிடந்தோம். அக்ரிஜெந்தோவுக்கு வந்து சேர்ந்த புதன்கிழமை பின்னேரம் ஆசிரியை வரைபடத்தை விரித்து, பலெர்மோ நகரத்துக்குள் போக நேரமில்லை என்றார். அதற்கு மேலே மலையிலுள்ள சின்ன ஊருக்கு, பொன்னால் இழைத்த கோயிலுக்காக மட்டும், நாளைக்கு இரண்டு மணிக்குப் போய் நான்கு மணிக்கு வெளிக்கிடுவோமாம்.

அந்த ஊரின் பெயர் மொன்றெயாலே.

பயணத்தின் முதல் நாளிலிருந்தே அது பஸ்ஸில் பகிடியாக ஓடிக்கொண்டிருந்தது. மொன்றியல் என்றாலும் மொன்றெயாலே என்றாலும் ராஜமலை என்ற ஒரே அர்த்தம்தானாம். மொன்றியல்காரர் மொன்றெயாலேக்குப் போகிறார்கள் என்று ஆசிரியை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகள் வாயில் அது "மொன்றியால்" ஆகிவிட்டது. என் வாயிலும்தான்.

எனக்கு ஆத்திரமென்றால் ஆத்திரம். ஆனால் இந்த மலை ஊர் பலெர்மோவிலிருந்து கிட்டத்தான் என்று சாரதி சொன்னார். ஓடிப்போய் ஒரு தெருவோரத் தொலைபேசியில் அட்டையைச் செருகிச் சின்னம்மா வேலை செய்யும் வீட்டுக்கு எடுத்தேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள். கம்பிக்குள் மழை பெய்வது போன்ற இரைச்சல்.

"சின்னம்மா, பலெர்மோவுக்கு வரேல்லை! பிளான் மாறிப்போச்சு! நாளைக்கு நான் மொன்றியால்ல நிப்பன்!"

"மொன்றியலிலயோ?"

"ஓம், ஓம்! மொன்றியால்ல!"

பிறகு சின்னம்மா, "சரி பிள்ளை. என்ன செய்யிறது. கவனமாப் போ. அக்காவைக் கேட்டதாச் சொல்லு" என்றார். அட்டை முடிந்து தொலைபேசி கீச்சிட்டது.

'கவனமா வா' என்று சொல்லவில்லை, 'கவனமாப் போ' என்றார். தமிழ்க் காதுள்ள எவருக்கும் அந்த ஒரு எழுத்தே போதும். ஆனால் என் காது அப்போது மோட்டார் சைக்கிளிலும் ஐஸ்கிரீமிலும் இருந்தது. சந்திப்பு உறுதியாகிவிட்டது என்று துள்ளிக்கொண்டு போய் எல்லாருக்கும் சொன்னேன். சின்னம்மாவுக்கு அந்த மலை ஊரைத் தெரியாமலில்லை. பல தடவை போனவர். ஆனால் அவர் அந்த வீட்டு அம்மாளிடம் கேட்டுப் பழகிய சிசிலி மொழியில் அது "மொர்ரியாலி". மொன்றியல் என்று காதில் விழுந்தால் அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஊர்தான்: அக்கா இருக்கும் ஊர்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கோயில் வாசலில் நின்றேன், கையில் கோட்டோடு. வெயில் கொளுத்தியது. மற்றவர்கள் உள்ளே போய், வாய் பிளந்து, வெளியே வந்து, "செ மலாட்" சொல்லி, திரும்பவும் உள்ளே போனார்கள். சதுக்கத்தைக் கடக்கும் ஒவ்வொரு பெண்ணையும் நான் உற்றுப் பார்த்தேன். இரண்டரைக்கு என் பக்கத்து இருக்கைக்காரி என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். "நான் வாசலைப் பார்க்கிறேன், நீ ஒரு தடவை பார்த்துவிட்டு வா, இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க அழுவாய்" என்றாள்.

கூரை முழுக்கப் பொன். முன்னால், சுவரின் வளைவு முழுவதையும் நிறைத்துக்கொண்டு யேசு. இரண்டு கையையும் விரித்து வா என்கிற மாதிரி. எனக்கு அவரோடு சண்டை பிடிக்கத்தான் மனம் வந்தது. இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு என் சின்னம்மா எங்கே நிற்கிறார் என்று தெரியாதா என்று கேட்டேன், மனதுக்குள்தான். அப்போதுதான் எங்கள் ஆசிரியையின் கைத்தொலைபேசி அந்தப் பொன் கூரையெல்லாம் எதிரொலிக்க அலறியது.

ஆசிரியை வெளியே ஓடினார். சற்று நேரத்தில் குழம்பிய முகத்தோடு வாசலில் நின்று என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"உன் அம்மா. நீ மொன்றியலிலா என்று கேட்டார். ஆமாம் மதாம், எல்லாரும் இங்கே மொன்றியாலில்தான் நிற்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்றேன். இப்போது விமான நிலையத்தில் எந்த வாசலுக்கு வரவேண்டும் என்று கேட்கிறார்."

தொலைபேசியை வாங்கினேன்.

"எடியே, என்னத்துக்குத் திரும்பி வந்தனீ? காய்ச்சலோ? கலைச்சுவிட்டிட்டாங்களோ? பொடியள் பிரச்சினையோ? சின்னம்மா எனக்குப் போன் எடுத்து இரவு முழுக்க அழுதவள். கொப்பர் லொறியோட எயார்போர்ட் றோட்டில நிக்கிறார்!"

"அம்மா, நான் வரேல்லை! இது மொன்றியல் இல்லை, மொன்றெயாலே! இத்தாலியில வேற ஊர்! சின்னம்மா வீட்டுக்குக் கிட்ட!"

அம்மா மூச்சு வாங்கினார். "வேற ஊருக்கு ஏன்டி எங்கட ஊர்ப் பேரை வச்சவங்கள்?"

இவர்கள் ஊருக்குப் பெயர் வைத்துப் பல நூறு வருஷம் கழித்துத்தான் எங்கள் ஊருக்கு வைத்தார்கள் என்று சரித்திரம் சொல்ல அது நேரமில்லை. "அம்மா, நாலு மணிக்கு பஸ் வெளிக்கிட்டிடும். பேந்து சந்திக்கேலாது" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மா, "அவளைக் காணாமல் மட்டும் வந்திடாத" என்றார். சண்டைக்குரல் இல்லை, கெஞ்சுகிற குரல். அம்மா என்னிடம் கெஞ்சி நான் கேட்டதேயில்லை.

சின்னம்மாவின் இலக்கத்தை அழுத்தினேன். வீட்டு அம்மாள் எடுத்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், பிரெஞ்சில் சொன்னேன், பதற்றத்தில் தமிழிலும் சொன்னேன். அவர் அதற்கெல்லாம் சேர்த்து என்னைத் திட்டிவிட்டு வைத்துவிட்டார். சுற்றிவரப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒருத்தன் ஓடிப்போய், கோப்பி குடித்துக்கொண்டிருந்த சாரதியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தான். ஆசிரியை அவசரமாக விளக்கினார். சாரதி அந்த இலக்கத்தைத் திருப்பி அழுத்தித் தொலைபேசியைக் காதில் வைத்தார். மறுகை ஆகாயத்தில் எழுதியது. அவர் கதைத்ததில் எனக்கு விளங்கியது ஒரே சொல்: மொர்ரியாலி. அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். மறுமுனையில் அந்த அம்மாளும் யாருக்கோ "மொர்ரியாலி! மொர்ரியாலி!" என்று கத்தியது வெளியே கேட்டது. அதற்குப் பின்னால், எங்கோ வீட்டின் உள்ளிருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல்.

"ஐயோ மாதாவே, மொர்ரியாலியோ!"

சாரதி தொலைபேசியை மூடி, கையால் மலையேறும் வளைவுகளைக் காட்டி, வருகிறார் என்றார்.

நான்கு மணிக்கு எல்லாரும் கீழே பஸ் நிறுத்துமிடத்தில் நின்றோம். ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த ஊரில் ஹோட்டல்காரர் காத்திருப்பார், இரவுச் சாப்பாடு ஆறிவிடும் என்றார். சாரதி பஸ்ஸைச் சுற்றி நடந்து ஒரு டயரைக் காலால் உதைத்தார். குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார். டயர்களை எல்லாம் சோதிக்காமல் மலையிறங்குவது ஆபத்து என்று ஆசிரியையிடம் சொன்னார். அந்த டயர்களோடுதான் அவர் மத்தியானம் அந்த மலையைப் பாடிக்கொண்டே ஏறியிருந்தார். ஆசிரியை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சோதிக்கத்தான் வேண்டும்" என்று கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல் மதிலில் அமர்ந்தார். சாரதி அடுத்த டயருக்குப் போனார். ஆஸ்பத்திரியில் வாட்டுச் சுற்றும் டொக்டர்கூட அவ்வளவு பொறுமையாக நடக்கமாட்டார்.

கடைசி டயரையும் உதைத்து முடித்து, என்ன செய்வது என்று தெரியாமல் அவர் முதல் டயருக்கே திரும்பியபோது, மலைப்பாதையில் படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. எங்கள் ஊர் ஆட்டோ போன்ற ஒரு முச்சக்கர வண்டி, பின்னால் திறந்த பெட்டியோடு, புகை கக்கிக்கொண்டு வளைவில் ஏறியது. பெட்டியில் மரக்கறிக் கூடைகள். கூடைகளுக்கு நடுவில், ஒரு கையால் வண்டியின் விளிம்பையும் மறு கையால் ஒரு பெரிய அலுமினியத் தட்டையும் பிடித்துக்கொண்டு, பூப்போட்ட சட்டையும் வீட்டுச் செருப்புமாக ஒரு சின்ன உருவம்.

"மதாந்த்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். மொத்த பஸ்ஸும் "மதாந்த்! மதாந்த்!" என்று கை தட்டத் தொடங்கிவிட்டது.

சின்னம்மா இறங்கினார். கத்துகிற இந்தக் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். பிறகு என்னைக் கண்டார். நின்ற இடத்திலேயே தட்டை யாரோ ஒரு பொடியனின் கையில் திணித்தார். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது 'பிள்ளை' அல்ல.

"அக்கா!"

நான் அம்மாவைப் போல என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. அன்றைக்குப் பிடித்தது. அவர் என் தோள் உயரம்கூட இல்லை. என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார், "மூண்டு மாசக் குழந்தையாத் தூக்கினனான் உன்னை" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். நானும் அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை, ஏனென்றால் பக்கத்தில் ஆசிரியையும் அழுதுகொண்டிருந்தார்.

"இரவு முழுக்க உன்னைத் திட்டினனான் தெரியுமோ? இவ்வளவு தூரம் வந்திட்டு, என்னைப் பாராமல் மொன்றியலுக்குப் போறாளே எண்டு."

தட்டில் ரோல்ஸ். முதல் நாளே பஸ் முழுக்கவென்று பொரித்து வைத்தாராம். நான் வரவில்லை என்று நினைத்த பிறகும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லையாம். பொடியன்கள் ஆளுக்கொன்றாகக் கடித்தார்கள். உறைப்பு ஏறி, கண்ணில் நீர் வர, "செ மலாட்!" என்றார்கள். "என்னவாம்? வருத்தமாமோ?" என்று சின்னம்மா பயந்துபோனார். நல்லாயிருக்காம் என்று விளக்கப்படுத்துவதற்குள் தட்டு காலி. மரக்கறிக்காரரும் சாரதியும் கடைசி இரண்டையும் எடுத்துக்கொண்டு, அந்நேரம் பார்த்து இரண்டாம் சுற்று டயர் சோதனையைத் தொடங்கினார்கள்.

நான் கோட்டை நீட்டினேன்.

சின்னம்மாவுக்குக் கோட்டைப் பற்றித் தெரியும். ஒவ்வொரு விசாவின்போதும் அம்மா தொலைபேசியில் அதன் நிறம், நீளம், தொப்பி எல்லாம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர் உடனே வாங்கவில்லை. விரலால் தொப்பியின் மயிரைத் தடவினார்.

"அப்ப, இனி நான் வரமாட்டன் எண்டு அக்கா முடிவெடுத்திட்டாவோ?"

அம்மா சொன்ன அந்தச் சொல்லை நான் அவரிடம் எப்படிச் சொல்வது? சின்னம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நிமிர்ந்து, பஸ்ஸுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே தெருவோரத்தில், வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில், ஊர்ப் பெயர். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருப்பார். அன்றுதான் எழுத்துக்கூட்டி வாசித்தார் போலிருக்கிறது. உதடுகள் அசைந்தன. முகத்தில் மெல்ல ஒரு குறும்பு வந்தது. ஊரில் இவர் மகா குழப்படிக்காரி என்று அம்மா சொன்னதை நான் அப்போதுதான் நம்பினேன்.

கோட்டைப் பறித்துப் போட்டுக்கொண்டார். வியர்த்து ஒழுகும் அந்த வெயிலில் கழுத்துவரை ஸிப்பை இழுத்து, தொப்பியையும் மாட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு போய்ப் பலகைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். கோட் அளவென்றால் அப்படி ஒரு அளவு.

"எடு படத்தை" என்றார். "அக்காட்டச் சொல்லு, நான் மொன்றியலுக்கு வந்திட்டன் எண்டு. ஒருத்தரும் விசா கேக்கேல்லை எண்டு."

பஸ்ஸே சிரித்தது, விளங்கியவர்களும் விளங்காதவர்களும். நான் படத்தை எடுத்தேன். பிறகு சாரதிக்கு உதைக்க டயர் மிச்சமில்லை. பஸ் மலையிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். சிவப்புக் கோட்டும் தொப்பியுமாகச் சின்னம்மா மரக்கறிக் கூடைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் காற்றில் முத்தங்களை எறிந்துகொண்டிருந்தார். கோட்டைக் கழற்றவேயில்லை.

மொன்றியலில், உண்மையான மொன்றியலில், அம்மா விமான நிலைய வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"கண்டனியே? மெலிஞ்சிட்டாளோ? பல்லு எல்லாம் இருக்கோ? எப்பிடிச் சிரிச்சவள்?"

வீடு போகும்வரை சொன்னேன். சொல்லி முடிய முதலிலிருந்து சொல்லச் சொன்னார். படத்தைக் கழுவி எடுத்துக் கொடுத்த அன்று, யன்னல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கோட்டைப் பார்த்தார், தொப்பிக்குள் சிரிக்கும் முகத்தைப் பார்த்தார், பிறகு பலகையை எழுத்தெழுத்தாக வாசித்தார். கடைசி எழுத்தைச் சின்னம்மாவின் தோள் மறைத்திருந்தது. மொன்றியல் என்று வாசிக்க நடுவில் 'T' என்ற ஒரே ஒரு எழுத்துத்தான் குறை. நான் சின்னம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டியிருந்தது. இரண்டும்தான்.

படம் பெரிதாக்கப்பட்டு, சட்டம் போட்டு, ஹோலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த அன்ரி ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையோடு அதன் முன் நின்றார்.

"உது உங்கட தங்கச்சியெல்லே? மொன்றியலுக்கு வந்தவவோ? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே! கூப்பிட்டு ஒரு நேரச் சாப்பாடு குடுத்திருப்பமே." அன்ரிக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு கிட்டப் போய், "அதென்ன, பின்னுக்கு ஒரு பனைமரம்?" என்றார்.

நான் சமையலறைக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா அசையவில்லை.

"தாவரப் பூங்காவில எடுத்தது" என்றார். "என்ன செய்யிறது, ஒரு மணித்தியாலம்கூட நிக்கேல்லை. பஸ் வெளிக்கிட்டிட்டுது."

"அடுத்தமுறை வரேக்க எண்டாலும் சொல்லுங்கோ."

"ஓம், கட்டாயம்" என்றார் அம்மா. "அடுத்தமுறை ஆறுதலா நிப்பாள். கோட்டும் அவளிட்டத்தானே கிடக்கு."